எலும்பு தின்னும் பறவையைப் பார்க்கப் போனது

எங்கே போனாலும் எனக்கு ஒரு கதிரை வந்துவிடும். கலியாண மண்டபத்து வாசலில் என்னைக் கண்டதுமே யாராவது ஒருவர் ஓடிப்போய் எடுத்து வருவார். கோயிலில் எல்லாரும் நின்று கும்பிடும்போது எனக்கு மட்டும் தூணோரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கும். ஒருமுறை செத்தவீட்டில், செத்தவரின் மனைவியே எழுந்து தன் இடத்தை எனக்குத் தந்தார். "இருங்கோ பிள்ளை, காலை ஆறவிடுங்கோ" என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. நான் இருந்தேன். மாட்டேன் என்று நின்றிருந்தால் அது இன்னொரு பேச்சாகியிருக்கும்.

பதினைந்து வயதில், டியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது ஷெல் விழுந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை. என்னைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் எழுத வந்தது ஸ்பெயினில் ஒரு மலைக்குப் போன கதை.

இருந்தாலும் என்னை யாரென்று சொல்லத்தானே வேண்டும். அண்ணை ஸ்பொன்சர் செய்து இருபதுகளில் லண்டனுக்கு வந்தேன். ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கலியாணம் செய்யவில்லை, அதற்கும் காலைத்தான் காரணமாகச் சொல்வார்கள், அவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். நோர்பரியில் ஒரு பிளாட் வாங்கியபோது வேண்டுமென்றே மாடியில் வாங்கினேன். லிப்ட் இல்லாத கட்டிடம். அண்ணை என்னோடு நெடுநாள் கதைக்கவில்லை.

கல்லின்மேல் ஆசை வந்ததும் லிப்டால்தான். நாற்பது வயது தாண்டிய பிறகு, மாலை வகுப்பில் தையல் படிக்கலாம் என்று குரொய்டன் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன். தையல் மூன்றாம் மாடியில். லிப்ட் பழுது. வாசலில் நின்ற பெண், "கீழ்த்தளத்தில் இன்றைக்கு நிலவியல் வகுப்பு இருக்கிறது, அங்கே இருந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாடியும் ஏறிப்போய், தையல் வகுப்புக் கதவை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பவும் இறங்கி வந்து நிலவியல் வகுப்பில் இருந்தேன். ஏற ஏலாமல் அங்கே வரவில்லை என்பது எனக்காவது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு ஆசிரியை ஒரு சுண்ணாம்புக்கல்லைக் கையில் தந்து லென்ஸால் பார்க்கச் சொன்னார். நாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் இரத்தத் துளிகளைப் பார்க்கிற எனக்கு, ஒரு கல்லுக்குள் அத்தனை உயிர்கள் கிடப்பது தெரிந்தபோது தையல் மறந்துபோனது.

வகுப்பிலிருந்து கடற்கரைப் பாறைகளைப் பார்க்கக் கூட்டிப் போவார்கள். அங்கேயும் பெரும்பாலும் நான் கார் நிறுத்துமிடத்தில்தான் நிற்பேன். "அடுத்த முறை உங்களுக்கு வசதியான இடமாகப் பார்ப்போம்" என்பார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் நல்ல மனிதர்களோடு சண்டை பிடிப்பதுபோலக் கஷ்டமான காரியம் வேறில்லை.

ஸ்பெயினின் வடக்கே, பிரெனீஸ் மலைத்தொடரின் முன்வரிசையில், குவாரா என்றொரு மலைப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றால் புல்வெளியும் குந்தியிருக்க வாங்கும் இல்லை. முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக்கல் மலைகள், அவற்றை ஆறுகள் அறுத்துப் போட்ட பள்ளத்தாக்குகள், பிணந்தின்னிக் கழுகுகள். அங்கேதான் தாடிக்கழுகும் இருக்கிறது. மற்றக் கழுகுகள் தின்று முடித்துவிட்டுப் போன பிறகு வந்து, எலும்பைத் தூக்கிக்கொண்டு மேலே பறந்து, பாறையில் போட்டு உடைத்துத் தின்கிற பறவை. கல்லையும் பறவையையும் சேர்த்துக் காட்டுகிற ஒரு வாரப் பயணம் ஒன்றைக் கண்டவுடன் அந்தக் கம்பனிக்குப் போன் செய்தேன். காலைப் பற்றி நானே சொன்னேன், மறைத்துப் பழக்கமில்லை.

போனில் பேசிய பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்களிடம் வேறொரு பயணமும் இருக்கிறது. வாகனத்திலேயே இருந்து பறவைகள் பார்க்கலாம். ஏரிக்கரை. உங்களுக்கு அது மிகவும் பிடிக்கும்" என்றாள்.

"என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை..."

"பிறகெப்படி எனக்குப் பிடிக்கும் என்று தெரியும்?"

அவள் மன்னிப்புக் கேட்டாள். உயரமான இடங்களில் வழிகாட்டி சொல்வதே முடிவு, அதற்குச் சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்றேன்.

அண்ணை வீடு ரெய்னர்ஸ் லேனில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது சொன்னேன். அண்ணை சோற்றில் கைவைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"மலையோ? உனக்கென்ன விசரோ?"

"விசர்தான். பதிஞ்சுபோட்டன்."

"விழுந்து கிழுந்து மற்றக் காலையும் முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பாக்கிறது?"

"நான் இவ்வளவு நாளும் ஆர் பாத்து இருந்தனான், அண்ணை?"

அவர் முகம் சிவந்தது. சோற்றைத் தள்ளி வைத்தார். "ஊர் உலகத்தில ஆர் கழுகு பாக்கப் போறது? கழுகெண்டால் என்ன, பிணம் தின்னுற சாமான்."

"அந்தப் பிணம் தின்னுற சாமானைத்தான் நான் பாக்கப் போறன்."

"தனிய விடமாட்டன். சொல்லிப்போட்டன். அண்ணியும் வருவா."

சட்டியோடு நின்ற அண்ணி திடுக்கிட்டார். அவர் தமிழ்ச் சனம் மட்டுமே வருகிற அண்ணையின் பலசரக்குக் கடையில் முப்பது வருடமாகக் கல்லாவில் இருந்தவர். இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போனதைத் தவிர வேறெங்கும் போனதில்லை. உயரமென்றால் பயம், ஷொப்பிங் சென்டரில் எஸ்கலேட்டரில் ஏறும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குக் காவல் வைக்கிறார்கள் என்பதை நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கிடையில் அண்ணி, "ஓம், நான் வாறன்" என்றார். சத்தமாகச் சொன்னார். அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. எங்கே நாங்கள் மனம் மாறிவிடுவோமோ என்று பயந்தவர்போல இருந்தது.

சரகோசா விமான நிலையத்தில் வழிகாட்டி காத்துக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும், அந்த மலையடிவாரத்திலேயே பிறந்தவர், வெயிலில் கறுத்த கழுத்து. எல்லாரோடும் கைகுலுக்கிவிட்டு, என்னுடைய இரண்டு ஊன்றுகோல்களையும் ஒருதரம் பார்த்தார். வான் வண்டிக்குள் ஏறும்போது மெல்லிய குரலில் சொன்னார்: "மூன்றாம் நாள் போகும் வழி நீளமானது, கல் நிறைந்தது. அன்றைக்கு நீங்கள் ஊரில் நிற்கலாம். ஒரு நல்ல பார் இருக்கிறது, வெளியே மரநிழலில் கதிரைகள் போட்டிருப்பார்கள்."

அந்தக் கதிரை ஸ்பெயின்வரை வந்துவிட்டது.

"மூன்றாம் நாள் வரட்டும், பார்ப்போம்" என்றேன்.

அன்றிரவுச் சாப்பாட்டில் இன்னொரு தொல்லை வந்தது. குழுவில் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் ஒருவர், முன்பு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர், எனக்கு எதிரே இருந்தார். பொய்க்கால் என்று தெரிந்ததும் கரண்டியை வைத்துவிட்டு, "நீங்கள் எங்கள் எல்லாருக்கும் உந்துதல்" என்றார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவருக்கு. நான் அதுவரை ஒரு கல்லில்கூட ஏறவில்லை. விமானத்தில் வந்து இறங்கி சூப் குடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். "நான் கழுகு பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு வேறு மேசையில் போய் இருந்தேன்.

இரண்டாம் நாள் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றோம். கீழே ஆறு பச்சை நூலாகக் கிடந்தது. எங்கள் கண்மட்டத்திலேயே கழுகுகள் மிதந்தன. இறகு ஒன்றைக்கூட அசைக்காமல், காற்றின்மேல் சாய்ந்து. மிக அருகே ஒன்று போனபோது அதன் இறகுகளுக்கிடையில் காற்று சீறுவது கேட்டது. அண்ணி விளிம்புக்கு வரவில்லை. பின்னால் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிடித்திருந்த பாறையைப் பார்த்த நான், "அண்ணி, கையை எடுங்கோ" என்றேன்.

"ஏன், பாம்போ?"

"இல்லை. பாருங்கோ."

பாறை முழுக்க வட்ட வட்டமாகப் பதிந்திருந்தது. பருப்பளவில் சில, பத்துப் பென்ஸ் காசளவில் சில. உடைந்துபோனவற்றுக்குள் நத்தையோடுபோல நெருக்கமான சுருள். நம்யூலைட் என்று சொல்வார்கள். கடலடியில் வாழ்ந்து செத்த உயிர்கள். ஒரேயொரு உயிர்க்கலம்தான் உடம்பு முழுவதும். வகுப்பில் படத்தில் மட்டும் பார்த்தது.

"ஆரோ பருப்பைக் கொட்டிவைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார் அண்ணி.

"இந்த மலை முழுக்க ஒருகாலம் கடலுக்கடியில கிடந்தது, அண்ணி."

"கடலோ? இவ்வளவு உயரத்திலயோ? விசர்க்கதை கதையாதையும்."

"எங்கட ஊர்க் கிணறு வெட்டயிக்கை வாறதும் சுண்ணாம்புக்கல்தானே. அதுவும் கடல்தான். இதைவிட வயது குறைவு."

நாங்கள் நடக்கத் தொடங்கிய பிறகும் அண்ணி அந்தப் பாறையடியில் நின்று விரலால் தடவிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம், லண்டனிலிருந்து கொண்டுவந்த, தட்டையாய் மொறுமொறுவென்று இறுகிய பருத்தித்துறை வடையைக் குழுவில் எல்லாருக்கும் கொடுத்தார். வழிகாட்டி கடித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் கல்லா?" என்று கேட்டார். அண்ணிக்கு இங்கிலிஷில் பதில் சொல்ல வராவிட்டாலும் சிரிப்பு வந்தது. அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் அண்ணை வீட்டில் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, எல்லாருக்கும் முன்பாகவே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வானுக்குப் பக்கத்தில் நின்றேன். வழிகாட்டி என்னைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

முதலில் மரங்களுக்கிடையே ஏறினோம். பிறகு இடுப்பளவு பற்றைகள். பிறகு வெறும் உடைகல். பொய்க்காலின் பாதத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊன்றுகோல் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொரு அடியையும் வைத்து, ஆட்டிப் பார்த்து, அதன் பிறகே பாரத்தை ஏற்றினேன். எல்லாருக்கும் பின்னால்தான் வந்தேன். ஆனாலும் கணவாய்வரை வந்துவிட்டேன். அங்கே புல் கொஞ்சம் இருந்தது, காற்று பலமாக அடித்தது. அதற்கப்பால் வழி முகட்டோரமாகப் போனது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெட்டவெளி. அண்ணி அதைப் பார்த்தவுடன் அப்படியே புல்லில் இருந்துவிட்டார். பூக்களைப் படமெடுக்க வந்த ஒரு தம்பதியும் தங்களுக்கு இது போதும் என்று அங்கேயே நின்றார்கள்.

வழிகாட்டி என்னிடம் வந்தார். "நன்றாக ஏறினீர்கள். நீங்கள் உங்கள் அண்ணியோடு இங்கே இருங்கள். நாங்கள் போய்விட்டு வந்துவிடுவோம்."

"நான் வருகிறேன்."

"இனித்தான் கடினம். ஏறுவதைவிட இறங்குவது உங்களுக்குக் கஷ்டம், இல்லையா?"

உண்மைதான். இறங்கும்போதுதான் பொய்க்கால் ஏமாற்றும். "கஷ்டம்தான்" என்றேன். "மெதுவாக நடப்பேன். ஆனால் நடப்பேன்."

"மற்றவர்களையும் நான் பார்க்க வேண்டும். உங்களுக்காக எல்லாரையும் நிறுத்தி வைக்க முடியாது. தனியே விடவும் முடியாது."

அதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. "நீங்கள் உங்கள் வேகத்தில் சிகரத்துக்குப் போங்கள். நான் என் வேகத்தில் வருகிறேன். நீங்கள் திரும்பி வரும்போது நான் எங்கே நிற்கிறேனோ அங்கிருந்து உங்களோடு திரும்பிவிடுகிறேன்" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. அப்போது அந்தக் கணித ஆசிரியர் முன்னுக்கு வந்து, "எனக்கும் முழங்கால் சரியில்லை. நான் இவரோடு நடக்கிறேன்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். "ஒரு நிபந்தனை. அன்றைக்குச் சொன்ன அந்தச் சொல்லை மறுபடி சொல்லக்கூடாது."

அவர் முகம் சிவந்து, பிறகு சிரித்தார். "சரி, சொல்லமாட்டேன்."

வழிகாட்டி அண்ணியைப் பார்த்தார். இந்த விசர்ப்பெண்ணை நீங்களாவது தடுங்கள் என்பதுபோல. காவலுக்கு வந்த அண்ணி புல்லில் இருந்தபடியே கையை நீட்டி மலையைக் காட்டினார். "ஷீ கோ. ஐ சிட்" என்றார். பிறகு என்னிடம், "நீர் போம். உம்மட அண்ணைக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார்.

போனோம். மழை நீர் அரித்து அரித்து, அந்த முகட்டுக் கல் முழுக்கக் கத்தி முனைகளாக எழும்பி நின்றது. நடுவில் கையளவு வெடிப்புகள். ஊன்றுகோல் ஒன்று வெடிப்பில் மாட்டி வளைந்துபோனது. ஆசிரியர் முன்னால் போய், எந்தக் கல் ஆடுகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கை தரவில்லை, நான் கேட்கவுமில்லை. அவரோடு நடப்பது நன்றாக இருந்தது.

பாதி வழியில் கால் வியர்த்து வழுக்கத் தொடங்கியது. பொய்க்காலின் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கினால் கால் உள்ளே சுழலும். கழற்றித் துடைக்க வேண்டும். நான் வெளியாட்கள் முன்னால் ஒருநாளும் காலைக் கழற்றியதில்லை. வேலையில் என்றால் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன். அண்ணை வீட்டில்கூட அறைக்குள்தான். அங்கே கதவு எங்கே இருக்கிறது? ஒரு கல்லில் இருந்தேன், காற்சட்டையை மடித்தேன், காலைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். மிச்சமிருந்த என் காலில் மலைக்காற்று பட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அதில் வெளிக்காற்று பட்டதில்லை. குளிர்ந்தது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படியொன்றும் வரவில்லை. ஆசிரியர் மலையைப் பார்த்தபடி அப்பிள் கடித்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே கழுகுகள் வட்டமிடத் தொடங்கின. ஒன்று, பிறகு இன்னும் சில. ஆசிரியர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "அவை எங்களைத்தான்..." என்றார்.

"என்னைப் பார்த்து ஏற்கெனவே ஒருபகுதி முடிந்துவிட்டது என்று நினைக்கின்றன போல" என்றேன். அவர் சிரிக்கலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். பிறகு அவரும் சிரித்தார்.

காலை மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தோம். கொஞ்ச நேரத்தில் சிகரத்திலிருந்து திரும்பி வந்த வழிகாட்டியும் மற்றவர்களும் எதிர்ப்பட்டார்கள். பேச்சின்படி நான் திரும்ப வேண்டும். எனக்கு முன்னால், எட்டித் தொட்டுவிடலாம் போல ஒரு முனை துருத்திக்கொண்டு நின்றது. "அதுவரை" என்றேன்.

"பேசியது அப்படியில்லையே."

"இல்லைதான். அதுவரை."

அவர் வானத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். மற்றவர்களை அங்கேயே இருந்து சாப்பிடச் சொல்லிவிட்டு என்னோடு வந்தார்.

முனையில் போய் நின்றபோதுதான் அது வந்தது. எங்களுக்கு மேலே வரவில்லை. கீழே, பாறைச் சுவரை ஒட்டியபடி வந்தது. அதனால் நான் முதலில் கண்டது அதன் முதுகைத்தான்: இருண்ட சாம்பல் நிறம், நீண்டு ஒடுங்கிய இறகுகள், ஆப்புப்போன்ற வால். திரும்பியபோது நெஞ்சு துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மின்னியது. கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், அலகுக்குக் கீழே கறுத்த தாடி. கால்களுக்கிடையில் ஒரு நீண்ட எலும்பு. வழிகாட்டி என் தோளைத் தொட்டுக் கீழே சரிவில் ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார். அதன்மேல் வெள்ளைச் சிதறல்கள். பறவை மேலே எழும்பி, எங்களையும் தாண்டி உயர்ந்து, எலும்பை விட்டது. அது விழுந்த சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. விறகு முறிவதுபோல ஒரு சின்னச் சத்தம். பறவை அதன் பின்னாலேயே சுழன்று இறங்கியது.

முதலில் சொன்னதை இங்கே ஒரேயொருமுறை மீறுகிறேன். ஆஸ்பத்திரியில் எடுத்த என்னுடைய காலை எங்கே போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த முனையில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. இப்படியொரு பறவை கொண்டுபோயிருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது என்றுதான் பட்டது.

இறங்குவது வழிகாட்டி சொன்னபடியேதான் இருந்தது. முகட்டில் ஒருமுறை விழுந்தேன், உள்ளங்கை கிழிந்தது. உடைகல் சரிவில் நிற்க ஏலாது என்று தெரிந்ததும் இருந்துகொண்டே, சின்னப்பிள்ளைபோல, அரக்கி அரக்கி இறங்கினேன். காற்சட்டை பின்பக்கம் கிழிந்துபோனது. கிண்ணத்துக்குள் ஈரம் கூடிக்கொண்டு வந்தது. வியர்வையில்லை என்று எனக்குத் தெரியும். மீட்புக் குழுவைக் கூப்பிடவா என்று வழிகாட்டி கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு மோசமான இடத்தில் அவருடைய தோளைப் பிடித்தேன். பிடிக்காமல் இறங்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும்; ஆனால் பிடித்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கணவாயில் அண்ணி எழுந்து நின்றார். என் கையில் இரத்தம், முகமெல்லாம் புழுதி, காற்சட்டை கிழிசல். நான் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். ஐயோ கால், ஐயோ பிள்ளை என்று தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். வாழ்க்கை முழுக்க என்னிடம் எல்லாரும் முதலில் கேட்டது காலைப் பற்றித்தான்.

அண்ணி கேட்டார்: "என்ன, கண்டனீரோ?"

"கண்டனான்."

"எலும்பு போட்டதோ?"

"போட்டது, அண்ணி. சத்தமும் கேட்டது."

"சீ, எனக்குத் தெரியயில்லை. இங்கயிருந்து பாத்தால் உந்தப் பாறை மறைக்குது." உண்மையாகவே ஏமாற்றத்தோடு சொன்னார். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து துவாயையும் தண்ணீரையும் எடுத்து, "இனிக் காலைக் காட்டும்" என்றார். எல்லாருக்கும் முன்னாலேயே காட்டினேன். தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. அவர் துடைத்துக்கொண்டே, "அடுத்த முறை வரயிக்கை நானும் மேல வருவன். அதுக்கிடையில பழகவேணும்" என்றார்.

வான் நின்ற இடத்தில் வழிகாட்டி என்னிடம் சொன்னார்: "நீங்கள் மிகவும் மெதுவாக நடந்தீர்கள். எனக்குப் பயமாக இருந்தது."

"மெதுவாகத்தான் நடந்தேன்" என்றேன்.

"இன்னொரு முறை இப்படிச் சம்மதிப்பேனா என்று தெரியாது."

"அப்போதும் கேட்பேன்." அவர் முழுதாகச் சிரிக்கவில்லை. நான் அவரை வென்றுவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது அவர் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, நாங்கள் நின்ற முனை எது என்று காட்டினார். மற்றவர்களுக்குக் காட்டியதுபோலவே எனக்கும் காட்டினார்.

மறுநாள் பொய்க்காலை மாட்ட ஏலவில்லை. கக்கத்தில் கோல்களை வைத்துக்கொண்டு ஊரில் நின்றேன். அவர் முதலில் சொன்ன பாரில், மரத்துக்குக் கீழே, நானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கோப்பி குடித்தேன். அன்றைய நடை, ஆற்றுக்கு மேலே பாறைச் சுவரில் அடித்த இரும்புப் பாலங்களில். தளம் சல்லடைபோல ஓட்டை ஓட்டையாக இருக்குமாம், கீழே தண்ணீர் தெரியுமாம். அண்ணி போனார். கணித ஆசிரியரின் முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டு, அரைக்கண் மூடியபடி முழுப் பாலத்தையும் கடந்தாராம். திரும்பி வந்தவர் இரண்டு கோப்பி குடித்துவிட்டு, அதைப்பற்றியே பின்னேரம்வரை கதைத்தார்.

லண்டனில் எனக்குப் பொய்க்கால் செய்து தருகிற இடத்துப் பெண் புண்ணைப் பார்த்துவிட்டுக் கடுமையாகப் பேசினாள். ஆறும்வரை பொய்க்கால் கூடாது என்றாள். வேலைக்கு லீவு போட்டேன். நோர்பரி வீட்டு மாடிப்படிகளில் குந்திக் குந்தித்தான் ஏறி இறங்கினேன். கீழ்வீட்டுக்காரர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அண்ணை பார்க்க வந்தார். அண்ணி பழங்களும் சாப்பாடும் கொண்டுவந்தார். அண்ணை என் காலைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்துக் கேட்டார்: "உன்னை ஏன் அனுப்பினனான்? நீ பாத்துக்கொண்டோ இருந்தனீ?"

"ஓம், பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றார் அண்ணி. "அவ ஏறினவ. வடிவாய் ஏறினவ."

"மறிச்சிருக்கலாமே."

"ஏன் மறிக்கோணும்? நீங்கள் மறிச்சு அவ எப்ப நிண்டவ?" பிறகு குசினிக்குள் போகாமல் அங்கேயே என் பக்கத்தில் இருந்து, தான் நடந்த இரும்புப் பாலத்தைப் பற்றித் தொடங்கினார். கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் தெரிந்தது என்று கையால் காட்டினார். அண்ணை நடுவில் இரண்டுமுறை பேச வாயெடுத்தார். அண்ணி நிறுத்தவில்லை. கடைசியில் அண்ணை, "அப்ப அந்தக் கழுகு எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். போதவில்லை. அண்ணியும் எழுந்து என் கையோடு தன் கையை நீட்டிப் பிடித்தார்.

புண் இப்போது ஆறிவிட்டது. முட்டிக்குக் கீழே ஒரு புதுத் தழும்பு, இன்னும் சிவப்பாக இருக்கிறது. பழைய தழும்புகளுக்கு நடுவில் அதை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். மற்றதெல்லாம் என்னிடம் கேட்காமல் வந்தவை. இது நானாகப் போய் வாங்கி வந்தது.